சாவிக்கொத்துக்கு நல்ல பேர்!

குழந்தைக்கு வலிப்பு வந்தால் நம் ஊரில் முதலில் தேடப்படுவது டாக்டர் அல்ல, சாவிக்கொத்து! 'இரும்பைக் கையில குடுங்கப்பா' என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். நல்ல பேர் மட்டும் சாவிக்கு!

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். கை, காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, முதல் தடவை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி.

'ஆறு மாசமா வரலியே, மாத்திரை எதுக்கு?' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் 2 வருடம் வலிப்பே வராமலிருந்தால்தான், குறைக்கலாமா என்று டாக்டரே யோசிப்பார்.

டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை: பாடத்தின் நடுவே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, 'என்னடா கனவு காண்றே?' என்று குட்டு வாங்குகிறானே, அந்தப் பையனுக்கு வந்ததும் வலிப்பாக இருக்கலாம்.