பின்சக்கரத் துள்ளலும் முறியும் ஆக்சில்களும்

அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 2004ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட முதல் தலைமுறை சி.டி.எஸ்.-வி, பார்வைக்கு அடக்கமான நான்கு கதவுக் கார்தான் என்றாலும், கொர்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கென உருவான 5.7 லிட்டர் வி8 எஞ்சினையும் 400 குதிரைத்திறனையும் கொண்டிருந்தது. அந்தக் காரை நின்ற இடத்திலிருந்து முழு விசையோடு கிளப்பியவர்களில் பலர், பின்பகுதி தடதடவென்று அதிர்ந்து துள்ளுவதையும், சில வேளைகளில் டிஃபரென்ஷியலோ ஆக்சில் ஷாஃப்ட்டோ உடைந்து கார் அங்கேயே நின்றுவிடுவதையும் கண்டனர். உடைந்த இடத்தில் தடித்த ஆக்சிலைப் பொருத்தினால் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் துள்ளலை நிறுத்தாமல் ஆக்சிலை மட்டும் தடிப்பாக்கினால், முறிவு அடுத்து எது பலவீனமோ அதற்கு இடம் மாறுகிறதே தவிர நீங்குவதில்லை.

இத்தகைய கார்களில் எஞ்சினின் முறுக்குவிசை கியர்பாக்ஸைக் கடந்து, காரின் நீளவாக்கில் ஓடும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்புறமுள்ள டிஃபரென்ஷியலை அடைகிறது. அங்கிருந்து இடமும் வலமும் பிரியும் இரு ஆக்சில் ஷாஃப்ட்டுகள் அதைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. முதல் கியரின் பல் விகிதமும் டிஃபரென்ஷியலின் பல் விகிதமும் ஒன்றோடொன்று பெருகுவதால், எஞ்சினில் பிறந்த முறுக்குவிசை சக்கரத்தை அடையும்போது ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடுகிறது. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் என்பதால், டிஃபரென்ஷியல் ‘சப்ஃபிரேம்’ எனப்படும் எஃகுச் சட்டத்தில் பொருத்தப்பட்டுள்ளது. சட்டத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையிலும், சஸ்பென்ஷன் கைகளின் முனைகளிலும் ‘புஷ்’ எனப்படும் ரப்பர் உருளைகள் உள்ளன. சாலையின் இரைச்சலும் அதிர்வும் இருக்கைவரை வராமல் தடுப்பவை இந்தப் புஷ்களே. சொகுசுக் கார் என்ற பெயரைக் காக்க அவற்றை மென்மையாக அமைத்ததிலேயே துள்ளலின் வேர் இருக்கிறது.

கிளட்ச்சை விட்டதும் டயர் சாலையைப் பற்றிக்கொள்ள, சக்கரத்தைத் தள்ளும் விசை புஷ்களை நசுக்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல ஆக்சிலையும் சிறிது முறுக்குகிறது. டயரின் பிடிமானம் தாங்கும் எல்லையை விசை தாண்டியதும் டயர் வழுக்குகிறது. தேங்கியிருந்த முறுக்கு சட்டென்று அவிழ்கிறது. விசை தணிந்ததால் டயர் மறுபடியும் சாலையைப் பற்றுகிறது. பற்றுதலும் வழுக்குதலும் ஒரு நொடிக்குள் பல முறை மாறிமாறி நிகழ்வதே துள்ளல். வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் டயர் திடீரெனப் பற்றும் அந்தக் கணத்தில், எஞ்சினின் சுழல்சக்கரத்தில் சேர்ந்திருக்கும் சுழற்சி வேகமும் முட்டி நிற்பதால், எஞ்சின் தன்னளவில் தரக்கூடிய விசையைவிடப் பெரிய அடி ஆக்சிலில் விழுகிறது. ஆகையால் துள்ளத் தொடங்கிய உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே ஓட்டுநர் செய்யத்தக்க ஒரே காரியம்.

மேம்பாட்டின் முதற்படி, அதனால், புஷ்களே ஆகின்றன. சப்ஃபிரேமின் புஷ்களையும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் புஷ்களையும் கடினமான பாலியூரித்தேன் வகைக்கு மாற்றினால் அசைவு பெரிதும் குறைகிறது. ரப்பர் இருந்தவரை கேட்காத டிஃபரென்ஷியல் பற்களின் முனகல் உள்ளே கேட்கும் என்பதே அதற்கான விலை. அன்றாடம் குடும்பத்தோடு பயணம் செய்யும் காரில் உலோக உருண்டை இணைப்புகள் வரை போவது மிகை.

அதன் பிறகே ஆக்சிலுக்கு வேலை. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உயர்வலிமை எஃகில் செய்து வெப்பப் பதம் ஏற்றிய ஷாஃப்ட்டுகள் இதற்குக் கிடைக்கின்றன. ஷாஃப்ட்டின் முனைகளில் உள்ள சிவி ஜாயின்ட்டுகளையும் கூடவே கவனிக்க வேண்டும். சக்கரம் ஏறி இறங்கும்போது கோணம் மாறினாலும் சுழற்சி வேகம் மாறாமல் கடத்தும் மூட்டுகள் அவை. ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ரெசெப்பா 1920களில் உருவாக்கிய, ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட அமைப்பே இன்றும் பல கார்களின் சக்கரப் பக்கத்தில் சுழல்கிறது. காரின் உயரத்தை அளவுக்கு மீறிக் குறைப்பவர்கள் இந்த மூட்டுகளை எப்போதும் கோணலாகவே ஓடவைத்து, விலை கொடுத்து வாங்கிய வலிமையைத் தாங்களே தேய்த்துவிடுகிறார்கள்.

கடிலாக் நிறுவனமே கண்ட தீர்வு இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. 556 குதிரைத்திறனோடு 2009ஆம் ஆண்டு மாடலாக வந்த இரண்டாம் தலைமுறைக் காரில், ஓர் ஆக்சில் ஷாஃப்ட் 55 மில்லிமீட்டர் விட்டமும் மற்றது 35 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டிருந்தன. முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வது, அதாவது ஒரே நீளமுள்ள தண்டின் விட்டம் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்காவது, இயந்திரவியலின் அடிப்படை விதி. இரு ஷாஃப்ட்டுகளும் ஒரே விறைப்பில் இருந்தால் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து துள்ளி ஒன்றையொன்று ஊக்குவிக்கும். விறைப்பு வேறுபட்டால் அதிர்வெண்களும் வேறுபட்டு, ஒன்றின் துள்ளலுக்கு மற்றது ஒத்துழைக்காது. இரண்டையும் தடிப்பாக்குவதே வலிமை என்று கருதும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

பொருத்தும் முறையில் நேரும் ஒரு பிழை இத்தனையையும் வீணாக்கிவிடக்கூடும். ரப்பர் புஷ் தன் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டவைக்கப்பட்டது. காரைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு விரைவில் கிழிகிறது. எனவே மாற்றாமல் விட்ட ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரங்கள் காரின் எடையைத் தாங்கும் நிலையில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் அதற்குப் பிறகே செய்யத்தக்கது.