மென்பொருள் ஏறிவிட்டது, மடல் ஏன் போகவில்லை?



கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் நம் துறைமுகப் பகுதிக் கடைக்காரர்களுக்கு விலைப்பட்டியல் நேரத்துக்குப் போய்ச் சேருவதே பிழைப்பு. பட்டியல் பிந்தினால் ஓடர் அடுத்த கடைக்குப் போய்விடும்.

இதற்காக நான் ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து, பலருக்கும் ஒரே நேரத்தில் மடல் அனுப்பும் 'மெயில்மேன்' என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். திரையில் எல்லாம் சரி. ஆனால் ஒரு மடலும் போகவில்லை. மூன்று நாள் அதை அழித்து அழித்துத் திரும்ப நிறுவினேன். வீண் வேலை. பிழை அதில் இருக்கவில்லை.

முதலில் சேர்வரின் மடல் பதிவேட்டைப் பாருங்கள். பதில் வராமலே நேரம் கடந்ததாக இருந்தால், 25ஆம் இலக்க போர்ட் மூடியிருக்கக் கூடும். ஸ்பேமைத் தடுக்கப் பல சேர்வர் கம்பெனிகள் அதை மூடியே தருகின்றன, எழுதிக் கேளுங்கள். பதில் இலக்கம் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சேர்வரே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் நிராகரிப்பு. காரணமும் பக்கத்திலேயே இருக்கும்.

பெரும்பாலும் அது ஆவணக் குறைதான். இன்வொய்ஸ் இல்லாத சரக்கைச் சுங்கம் விடுமா? உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்.பி.எஃப்.; மடலில் இடும் முத்திரை டி.கே.ஐ.எம். ஐ.பி. இலக்கத்தைத் தேடினால் உங்கள் சேர்வரின் பெயர் வர வேண்டும். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில், சிறிய அளவில் அனுப்புவோரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது கேட்கிறது.

யாஹூ முகவரியிலிருந்து பட்டியலுக்கு எழுத வேண்டாம். 2014 ஏப்ரலில் யாஹூ விதியை இறுக்கியபின் அப்படி அனுப்பிய மடல்கள் திரும்பி வந்தன. பழைய வழிகாட்டிகளையும் நம்ப வேண்டாம். மெயில்மேன் 2 ஓடுவது பைத்தன் 2இல், அதற்கான ஆதரவு 2020இலேயே முடிந்துவிட்டது. மெயில்மேன் 3ஐயே நிறுவுங்கள்.

முதல் மடலை உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். அது வந்து சேர்ந்த பிறகு வாடிக்கையாளருக்கு அனுப்பலாம்.