ஆர்மீனியப் பந்தியில் சைவர்களுக்கும் இடமுண்டு

ஆர்மீனியாவுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "அங்கே போய் என்ன சாப்பிடுவாய்?" என்றுதான். ஹொரோவாட்ஸ் என்னும் சுட்ட இறைச்சி இல்லாமல் அங்கே விருந்து நடக்காது என்பது உண்மை. ஆனாலும் சைவச் சாப்பாட்டிலேயே வளர்ந்த நான் தலைநகர் யெரெவானில் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. அதற்காக ஆர்மீனியத் திருச்சபைக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றுக்கும் விலக்கு. அந்த நாட்களுக்கென்றே உருவானது ஒரு தனிச் சமையல்.

அதில் முதலில் கேட்க வேண்டியது 'பசுட்ஸ் டோல்மா'. கொண்டைக்கடலை, பருப்பு, பீன்ஸ் விதை, கோதுமை ரவை எல்லாம் சேர்த்து முட்டைகோஸ் இலையில் சுருட்டி வேகவைத்து, ஆறவைத்துப் பரிமாறுகிறார்கள். வெறும் 'டோல்மா' என்று கேட்டால் திராட்சை இலையில் பொதிந்த கொத்துக்கறி வந்துவிடும்.

கார்னி கோயிலைப் பார்க்கப் போனால் லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டி சுடுவதையும் பாருங்கள். மண்ணில் புதைத்த தோனிர் அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மாவை உருட்டித் தேய்க்க, இன்னொருவர் கைமாற்றி வீசி மெல்லியதாக்கி, நீள்வட்டத் தலையணைமேல் விரித்து அடுப்பின் உட்சுவரில் ஓங்கி அறைகிறார். ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் எழும்பிவிடும். கொக்கியால் இழுத்து எடுக்கிறார்கள். காயவைத்தால் ஆறு மாதம் கெடாது. வேண்டும்போது தண்ணீர் தெளித்தால் போதும். 2014இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

கோதுமை போட்ட தயிர் சூப்பான 'ஸ்பாஸ்' வயிற்றுக்கு இதம். அதில் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்க 'தான்' இருக்கிறது. உப்புப் போட்ட நம் நீர்மோரேதான். ஒயின் அருந்துபவர்களுக்கு அரேனி ஊர் தெரிந்திருக்கும். அங்குள்ள குகையில் சுமார் 6,100 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயின் தயாரிப்புக்கூடம் கிடைத்திருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது 'ஜிங்கியாலோவ் ஹட்ஸ்'. ஏழெட்டு முதல் இருபது வகை வரை கீரைகளைப் பொடியாக நறுக்கி, மாவுக்குள் வைத்து மூடித் தட்டி, இரும்புக் கல்லில் சுடும் ரொட்டி. இது நகோர்னோ கராபாக் பகுதி ஆர்மீனியர்களின் உணவு. 2023இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களில் சிலர் இந்த ரொட்டியைச் சுட்டுத்தான் பிழைக்கிறார்கள். யெரெவான் போனால் அவர்கள் கடையைத் தேடிப் போய்ச் சாப்பிடுங்கள்.