விலைவாசியும் நம் வீட்டு அடுப்பும்



ஆரணியின் கைத்தறிக்கு டீசல் தேவையில்லை. நெசவாளரின் கையும் காலுமே அதனை இயக்குகின்றன. அப்படியிருக்க, எங்கோ நடக்கும் போரினால் கச்சா எண்ணெய் விலை ஏறும்போது, தறியில் அமர்ந்திருப்பவரின் வீட்டுச் செலவு ஏன் கூடுகிறது?

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அதன் விலை பெரும்பாலும் டாலரில் பேசப்படுகிறது. பீப்பாயின் விலை ஏறினாலும் சுமை. ரூபாயின் மதிப்பு இறங்கினாலும் சுமை. 2022ஆம் ஆண்டில் இரண்டும் சேர்ந்தே வந்தன. பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. மார்ச்சில் பீப்பாய் 139 டாலரைத் தொட்டது. மார்ச் 22 தொடங்கி இரண்டே வாரங்களில் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் ஏறின. ஜூலையில் ஒரு டாலர் 80 ரூபாயைத் தாண்டியது.

பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் லாரியில் வருகின்றன. நூலின் பசையை நீக்கவும் சாயமேற்றவும் நீர் கொதிக்க வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். அரிசியும் காய்கறியும் அதே சாலையில்தான் வருகின்றன. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் இறக்குமதியே. போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைந்தது. அதே ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இல்லத்தரசிகளுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை!

அந்த ஏப்ரலில் நுகர்வோர் விலை உயர்வு 7.79 விழுக்காடு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது 4.7 ஆனது. ‘விலைவாசி குறைந்துவிட்டது’ என்று பலர் எண்ணினர். குறைந்தது ஏறும் வேகம்தான், விலை அல்ல. 2021 ஏப்ரலில் 100 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்கள் 2022இல் ஏறத்தாழ 108 ரூபாய். 2023இல் 113 ரூபாய்.

ரிசர்வ் வங்கி செய்தது என்ன? 2022 மே மாதம் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டியை, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக உயர்த்தியது. கடன் விலை கூடினால் மக்கள் வாங்குவது குறையும், விலையும் அடங்கும் என்பது கணக்கு. ஆனால் வட்டியை உயர்த்துவதால் நம் மண்ணில் எண்ணெய் ஊறிவிடாது. நகையை அடகு வைத்து மளிகைக்கடன் தீர்க்கும் குடும்பத்திற்கோ சுமைமேல் சுமை. வட்டியின் கொடுமையை அறிந்த நாம் இதனைக் கவனிக்க வேண்டும்.

மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினர். எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாமல் அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். அதே நபியவர்கள் பதுக்குபவனைப் பாவி என்று கண்டித்ததாக முஸ்லிம் நூலில் வருகிறது. பொருள் அரிதாகி ஏறும் விலை வேறு; மனிதன் மறைத்து ஏற்றும் விலை வேறு. டீசல் ஏறுமுன் வாங்கிக் கிடங்கில் வைத்த சரக்கை, டீசலைக் காரணம் காட்டி விற்பது எதில் சேரும் என்பதை வணிகச் சகோதரர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நெசவாளரின் கூலியோ சேலைக்கு இவ்வளவு என முன்பே பேசப்படுவது. எடுத்துக்காட்டாக, 2021 ஏப்ரலில் 3000 ரூபாய் பெற்றவர், 2023 ஏப்ரலில் சுமார் 3390 ரூபாய் பெற்றால்தான் அது பழைய கூலி. அதே 3000 ரூபாயைக் கொடுத்திருந்தால், ஒரு சேலைக்கு ஏறத்தாழ 390 ரூபாய் அவர் கையிலிருந்து போயிருக்கிறது.