பேசாத வானொலியைப் பேச வைப்போம்

2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில் கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்களைக் கவர்ந்தது. அத்தகைய வேளையில் மின்சாரம் நின்றாலும் செய்தி கூறவல்லது பேட்டரி வானொலி.

தேயிலைத் தோட்டமாயினும் ரப்பர்த் தோட்டமாயினும், நெடுநாள் உள்ளேயே கிடக்கும் பேட்டரி கசிந்து, தகடுகளில் வெண்பொடி படியும், வானொலி ஊமையாகும். அதற்காகப் புதியது வாங்க வேண்டுவதில்லை. கையுறை அணிந்து பழைய பேட்டரிகளை அகற்றுவோம். அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது. ஆதலின் சிறிது வினிகர் தோய்த்த பஞ்சினால் துடைத்து, நன்கு உலர்த்தி, கூட்டல் கழித்தல் குறிகளைப் பார்த்துப் புதியவற்றைப் பொருத்துவோம். சுருள்கம்பி அரித்துப்போயிருப்பின் அதனை மட்டும் மாற்றலாம்.

வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவிகளை நாம் திறத்தலாகாது. இணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். வானொலியைப் பயன்படுத்தாத நாள்களில் பேட்டரிகளைக் கழற்றி அருகில் வைப்பதே சிறந்த காப்பு.