நாட்வீட் இனங்களை வேறுபடுத்தி அறிதல்

நாட்வீட் என்ற ஆங்கிலப் பெயர் பாலிகோனேசி குடும்பத்தைச் சேர்ந்த பல செடிகளுக்கு வழங்குகிறது. தண்டில் முடிச்சுப் போலப் புடைத்திருக்கும் கணுக்களே இப்பெயருக்குக் காரணம். இவற்றுள் ரெய்நூட்ரியா பேரினத்தைச் சேர்ந்த ஜப்பானிய நாட்வீட், ராட்சத நாட்வீட், இவை இரண்டின் கலப்பினமான பொகீமிய நாட்வீட் ஆகிய மூன்றும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆற்றங்கரைகள், இருப்புப்பாதை ஓரங்கள், தரிசு நிலங்கள் ஆகியவற்றில் அடர்ந்து பரவும் ஆக்கிரமிப்புத் தாவரங்களாக உள்ளன. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இனப்பெருக்க முறையிலும் கட்டுப்படுத்தும் முறையிலும் வேறுபடுகின்றன. எனவே இவற்றைச் சரியாக இனங்காண்பது அவசியமாகிறது.

வரலாறு

ஜப்பானிய நாட்வீடை டச்சு இயற்கை அறிவியலாளர் ஹௌட்டைன் 1777இல் ரெய்நூட்ரியா ஜப்பானிகா என்று பெயரிட்டு விவரித்தார். 1840களில் சீபோல்ட் என்பவர் இதனை ஜப்பானிலிருந்து நெதர்லாந்தின் லைடன் நகருக்கு அழகுச்செடியாகக் கொண்டுவந்தார். 1850இல் இது லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவை அடைந்தது. ராட்சத நாட்வீட் சகலின் தீவு, வட ஜப்பான் பகுதிகளைச் சேர்ந்தது. 1860களில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. இவை இரண்டும் அருகருகே வளர்ந்த இடங்களில் கலப்பினம் தோன்றியது. இக்கலப்பினம் 1983இல்தான் செக் நாட்டிலிருந்து ரெய்நூட்ரியா × பொகெமிகா என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. அதற்கு முன் சேகரிக்கப்பட்ட கலப்பின மாதிரிகள் பல, பெற்றோர் இனங்களில் ஒன்றாகவே பதிவாகியிருந்தன.

பொதுப் பண்புகள்

மூன்று செடிகளின் தண்டும் மூங்கிலைப் போல உட்குழிவானது. அதில் பெரும்பாலும் செந்நிற அல்லது ஊதாப் புள்ளிகள் காணப்படும். கணுக்களில் தண்டைச் சுற்றி மெல்லிய குழல் வடிவ இலையடிச்செதில் இருக்கும். இது விரைவில் கிழிந்துவிடும். கோடையின் இறுதியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் வெண்மையான சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். குளிர்காலத்தில் தரைக்கு மேலுள்ள பகுதி காய்ந்து பழுப்பு நிறக் கழிகளாக நிற்கும். மண்ணுக்குள் இருக்கும் மட்டநிலத் தண்டிலிருந்து வசந்த காலத்தில் புதிய குருத்துகள் எழும். ஆகவே தண்டு, பூவின் நிறம், வளரிடம் ஆகியவற்றை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்ய இயலாது.

இலைகளைக் கொண்டு அறிதல்

களத்தில் மிகவும் பயன்படுபவை இலையின் அளவு, அடிப்பகுதியின் வடிவம், அடிப்பரப்பு நரம்புகளில் உள்ள மயிர்கள் ஆகிய மூன்று பண்புகளாகும். இதற்கு முதன்மைத் தண்டின் நடுப்பகுதியில் உள்ள முதிர்ந்த இலைகளை எடுக்க வேண்டும். நுனிக்கிளைகளில் உள்ள இலைகள் எல்லா இனங்களிலும் சிறுத்து, ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

ஜப்பானிய நாட்வீட்: செடி பொதுவாக 2 முதல் 3 மீட்டர் உயரம் வளரும். இலை 10 முதல் 15 செ.மீ. நீளமுடையது. அடிப்பகுதி கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும். நுனி திடீரெனக் கூர்மையாகும். அடிப்பரப்பு நரம்புகளில் மயிர்கள் இல்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் நுண்ணிய புடைப்புகள் மட்டுமே தெரியும்.

ராட்சத நாட்வீட்: 4 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. இலை 40 செ.மீ. வரை நீளும். அடிப்பகுதி ஆழமான இதய வடிவம் கொண்டது. அடிப்பரப்பு நரம்புகளில் நீண்ட, நெளிந்த, மெல்லிய மயிர்கள் உண்டு.

பொகீமிய நாட்வீட்: உயரம், இலையின் அளவு ஆகியவற்றில் பெற்றோருக்கு இடைப்பட்டது. கீழ் இலைகளின் அடிப்பகுதி சற்றே இதய வடிவமாகவும் மேல் இலைகளில் ஏறத்தாழ நேராகவும் இருக்கும். நரம்புகளில் குட்டையான, அடி பருத்த, முள் போன்ற மயிர்கள் காணப்படும்.

இவற்றுள் மயிர்களே நம்பகமான சான்று. ஆனால் கோடை முதிரும்போது கலப்பினத்தின் மயிர்கள் உதிரத் தொடங்குவதால், பருவத்தின் முற்பகுதியிலேயே பார்ப்பது நல்லது. மேலும், இவ்விதிகள் ஐரோப்பாவில் பரவியுள்ள செடிகளுக்கே நன்கு பொருந்தும். தாயகமான ஜப்பானில் ஜப்பானிய நாட்வீடின் மயிருள்ள வடிவங்களும் உண்டு.

பூக்களும் குரோமோசோம்களும்

பிரிட்டனில் உள்ள ஜப்பானிய நாட்வீட் செடிகள் ஒரே பெண் செடியிலிருந்து தண்டுத் துண்டுகள் வழியாகப் பெருகியவை. அவற்றின் மகரந்தப்பைகள் வளர்ச்சி குன்றி, மகரந்தம் இல்லாமல் இருக்கும். எனவே அங்கு மகரந்தம் சிந்தும் பூக்களைக் கண்டால் அது கலப்பினமாகவோ ராட்சத நாட்வீடாகவோ இருக்க வாய்ப்புண்டு.

ஐயம் நீடித்தால் குரோமோசோம் எண்ணிக்கை உதவும். ஐரோப்பாவில் ஜப்பானிய நாட்வீடுக்கு 88, ராட்சத நாட்வீடுக்கு 44 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் பாதி வருவதால், கலப்பினத்தில் பெரும்பாலும் 66 காணப்படுகின்றன.

குழப்பம் தரும் பிற செடிகள்

இமயமலைப் பகுதியைச் சேர்ந்த இமாலய நாட்வீடின் இலைகள் ஈட்டி போல நீண்டு ஒடுங்கியவை. அதன் பழுப்பு நிற இலையடிச்செதில் நீண்டது, எளிதில் உதிராது. ரஷ்ய வைன் என்ற செடி, மரத்தன்மை கொண்ட கொடியாகப் பிற பொருள்கள் மீது படரும். நாட்வீட் தானே நிமிர்ந்து நிற்கும். மூங்கிலின் இலைகள் குறுகியவை. நரம்புகள் இணையாக ஓடும்.

இனங்காண்பதன் தேவை

விதைகள் வழியாகப் பரவும் வாய்ப்பு முதற்காரணம். பெண் செடிகள் மட்டும் உள்ள இடத்தில் பரவல் பெரும்பாலும் மண், வெள்ளம் ஆகியவற்றோடு செல்லும் துண்டுகளால் நிகழ்கிறது. கலப்பினம் மகரந்தம் தந்தால் முளைக்கும் விதைகள் உருவாகலாம். வட அமெரிக்காவில் இத்தகைய விதைகளும் இயற்கையில் முளைத்த நாற்றுகளும் பதிவாகியுள்ளன. செக் நாட்டு ஆய்வுகளில், வெட்டிய துண்டுகளிலிருந்து மீண்டும் தளிர்க்கும் திறன் மூன்றிலும் கலப்பினத்துக்கே அதிகமாக இருந்தது.

உயிரியல் கட்டுப்பாடு இரண்டாவது காரணம். அஃபலாரா இட்டாடோரி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி 2010இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விடப்பட்டது. இப்பூச்சியின் கியூஷு வகை ஜப்பானிய நாட்வீடிலும், ஹொக்கைடோ வகை ராட்சத நாட்வீடிலும் சிறப்பாக வளர்கிறது. செடியின் இனம் தவறாகக் குறிக்கப்பட்டால் பொருந்தாத பூச்சி விடப்பட்டு முயற்சி வீணாகலாம்.

மாதிரி சேகரிக்கும்போது கவனம் தேவை. 1 கிராமுக்கும் குறைவான மட்டநிலத் தண்டுத் துண்டுகூட புதிய செடியாக வளரும். கணுவுடன் கூடிய பச்சைத் தண்டும் வேர்விடும். எனவே இனங்காண்பதற்கு இலைகளை மட்டும் பறித்து மூடிய பையில் எடுத்துச் செல்வதும், அவை தண்டின் எப்பகுதியிலிருந்து, எந்த மாதத்தில் எடுக்கப்பட்டன என்பதைக் குறித்து வைப்பதும் போதுமானது.