பெட்டியில் "அன்பளிப்பு" என்று எழுதினால் வரி விடுமா?

சென்ற மாதம் ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். கையடக்கத் தொலைபேசிச் சாமான்கள் விற்கும் சிறிய கடை வைத்திருப்பவர். "காக்கா, சாமான் கொழும்புக்கு வந்து பதினொரு நாளாச்சு. கஸ்டம்ஸ்ல மறிச்சி வெச்சிருக்காங்க, என்ன செய்யிற?" என்றார்.

விடயம் இதுதான். சீனாவிலுள்ள ஒரு விற்பனையாளரிடம் ஒன்லைனில் 40 புளூடூத் கைக்கடிகாரங்களுக்கு 320 டொலர் கட்டியிருக்கிறார். விமானக் கூலி 90 டொலர் வேறு. அந்த விற்பனையாளரோ பெட்டியின் மேல் "அன்பளிப்பு, விளையாட்டுப் பொருள், 20 டொலர்" என்று ஒட்டி அனுப்பிவிட்டார். தான் கேட்காமலேயே அப்படிச் செய்ததாகத் தம்பி சொல்கிறார். நானும் நம்பிக்கொண்டேன்.

ஒரே மாதிரியான 40 பெட்டிகளை எந்த மச்சானும் மச்சானுக்கு அன்பளிப்பாக அனுப்புவதில்லை. அது சுங்க அதிகாரிக்கும் தெரியும். எழுதியுள்ள பெறுமதியில் சந்தேகம் வந்தால் அதை ஏற்க மறுத்து, பணம் கட்டிய ஆதாரத்தைக் கேட்க அவருக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆதாரம் திருப்தியில்லையென்றால் அதே வகைப் பொருள், அதைப் போன்ற பொருள் முன்னர் என்ன விலைக்கு வந்தது என்று பார்த்து அவர்களே பெறுமதியைத் தீர்மானிப்பார்கள். பொய்யான விபரம் கொடுத்தது நிரூபணமானால் 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி சாமான் பறிமுதலாகலாம், தண்டமும் விழலாம்.

நம்மில் பலர் தவறவிடுவது வரிக் கணக்கைத்தான். "320 டொலருக்குத்தானே வரி" என்று தம்பி நினைத்திருந்தார். அப்படியல்ல. சாமான் விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்ததே வரிக்குரிய பெறுமதி. டொலரை ரூபாவாக்குவதும் நமது வங்கி அட்டையில் வெட்டிய விகிதத்தில் அல்ல, சுங்கம் வாராவாரம் வெளியிடும் விகிதத்தில்.

பெறுமதி 100,000 ரூபா என்று வைப்போம். சுங்கத் தீர்வை 20 சதவீதமும், துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10 சதவீதமும் விழும் ஒரு பொருளென்றால் 20,000உம் 10,000உம் ஆகும். அடுத்தது வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். அதை 100,000க்குப் போடுவதில்லை. பெறுமதியுடன் 10 சதவீதம் கூட்டி 110,000 ஆக்கி, மேலே சொன்ன 30,000ஐயும் சேர்த்து 140,000க்குப் போடுவார்கள். அது 25,200 ரூபா. ஆக 55,200. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதம் இதற்கு வெளியே. செஸ் வரியுள்ள பொருளானால் அதுவும் உண்டு. வரிக்கும் வரி கட்டுகிறோம் என்று நம்மவர்கள் முணுமுணுப்பது வீண் பேச்சல்ல.

எந்தப் பொருளுக்கு எத்தனை வீதம் என்பதைத் தீர்மானிப்பது அதன் எச்.எஸ். இலக்கம். இங்கும் தம்பி ஏமாந்தார். கடிகாரம் என்றால் 91ஆம் அத்தியாயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் போனுடன் புளூடூத் மூலம் பேசும் கடிகாரம் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குரிய 8517இல்தான் வரும். கம்பியில்லாக் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. பணம் கட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய காரியம், சாமான் மறிபட்ட பிறகு நினைவுக்கு வந்தது.

"வரி இவ்வளவு கூட. கொஞ்சம் குறைத்துக் காட்டினால் பாவமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் 320 டொலர் கொடுத்து வாங்கிய சாமானை 20 டொலர் என்று கையெழுத்திட்டுச் சொல்வதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது. வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் நட்டமே. வற் பதிவுள்ளவர், இறக்குமதியில் கட்டிய வற்றை விற்பனை வற்றிலிருந்து கழிக்கலாம். அதற்குச் சுங்கப் பத்திரம் அவர் பெயரில், சரியான பெறுமதியில் இருக்க வேண்டும். மருமகனின் பெயரில் அன்பளிப்பாக வந்த பெட்டியை வைத்து எதைக் கழிப்பது?

தம்பி கடைசியில் வங்கி அட்டையின் கணக்கு அறிக்கையையும் உண்மையான இன்வொய்ஸையும் கொடுத்தார். அனுமதிக்கும் விண்ணப்பித்தார். வரி, தண்டம், களஞ்சியக் கூலி எல்லாம் கட்டிச் சாமானை எடுத்தபோது மேலும் மூன்று வாரம் போயிருந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு கடிகாரம் அவருக்கு அடங்கிய விலையைவிடக் குறைவாகப் புறக்கோட்டையில் மொத்தமாகவே கிடைக்கிறது.

போன கிழமை மறுபடியும் போன் எடுத்தார். இந்தமுறை சார்ஜர் வயர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இன்வொய்ஸை எனக்கு அனுப்பி, "காக்கா, இதுக்கு எச்.எஸ். இலக்கம் என்ன?" என்று கேட்டார்.